முதிய காவல் நாயின் தேகப் பருமனும் அதனைக் குறைக்கும் முறையும்

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் நாய் இல்லாத களத்துமேட்டைக் காண்பது அரிது. வேப்பந்தட்டை, ஆலத்தூர் வட்டாரங்களில் மக்காச்சோளக் கதிர் முற்றும் காலத்தில் காட்டுப்பன்றியை விரட்டுவதற்கும், குன்னம் பக்கத்துக் கரிசலில் வெடித்த பருத்தியைக் காப்பதற்கும், செந்துறை, ஆண்டிமடம் பகுதிகளின் முந்திரித் தோப்புகளில் இராக் காவலுக்கும், ஆட்டுப்பட்டி வைத்திருப்போருக்கும் நாயே முதல் காவலாள். உழவு மாட்டுக்கும் கறவைப் பசுவுக்கும் வரும் நோய்களைப் பற்றி இவ்வித ஏடுகளில் எழுதுவது வழக்கம். நாயைப் பற்றி எழுதுவோர் சிலரே. ஆயினும் மண் பரிசோதனைக்கும் விதை நேர்த்தி செய்து காட்டவும் கிராமங்களுக்குச் செல்லும் எம்மை, வந்த காரியம் முடிந்தபின் திண்ணையில் அமர்த்தி, “இந்த நாய் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறதே, ஏதாவது வழியுண்டா?” என்று கேட்கும் நிலக்காரர்கள் பலர். ஆதலின் கால்நடை வைத்தியர்களிடம் கேட்டறிந்ததையும், நேரில் கண்டதையும் சேர்த்து இக்கட்டுரையை எழுதலானோம்.

நாய் இளமையாயிருக்கும் பொழுது இரவெல்லாம் வரப்பில் ஓடுகிறது. பகலில் மாட்டுடன் மேய்ச்சலுக்குப் போகிறது. தின்னும் ஆகாரம் ஓட்டத்திலேயே கரைந்துவிடும். எட்டு, ஒன்பது வயதானதும் வயலுக்கு வேறொரு குட்டியை விட்டுவிட்டு, பழைய நாயை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவருகிறார்கள். ஓட்டம் நின்றுபோகிறது, சோறு நிற்பதில்லை. உண்மையில் சோறு அதிகமாகிறது. ஏனெனில் இப்பொழுது அது எல்லோர் கண்ணெதிரிலும் படுத்திருக்கிறது. காலையில் பால், பகலில் தயிர்ச் சோறு, சாயங்காலம் குழந்தைகள் போடும் பிஸ்கோத்து, இரவில் மிஞ்சிய குழம்புச் சோறு என்று நாள் முழுவதும் அதன் வாய்க்கு வேலை வைத்துவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் உழைத்த ஜந்துவுக்கு நன்றி காட்டுவதாகவே அவர்கள் எண்ணுகிறார்கள். அந்த எண்ணத்தில் குறை சொல்ல நமக்கு மனம் வாராது. ஆனால் அந்த நன்றி நெய்யாகவும் சோறாகவும் மட்டுமே போய்ச் சேரும்போது நாயின் மூட்டுகளும், இருதயமும், மூச்சும் அதன் விலையைக் கொடுக்கின்றன.

இதற்கு எதிரான வேறொரு தவறும் உண்டு. நாய் பருத்துவிட்டது என்று யாராவது சொன்னவுடன், ஒரு வேளைக்கு மட்டும் கஞ்சித் தண்ணீரை ஊற்றிவிட்டு மற்ற வேளைகளில் பட்டினி போடுவதும், மோட்டார் சைக்கிளின் பின்னால் சங்கிலியில் கட்டி ஓட விடுவதும் சில ஊர்களில் நடக்கின்றன. முதிய நாய்க்கு இது பருமனைக் காட்டிலும் கொடிது. பட்டினியில் கொழுப்பு மட்டும் கரைவதில்லை, தசையும் கரைகிறது. முதுமையில் ஏற்கெனவே குறைந்துவரும் தசை மேலும் குறைந்தால் பின்னங்கால்கள் தேகத்தைத் தாங்கமாட்டா.

பருமனைக் கண்டறிதல்

நம்மவர் பலர் பருத்த நாயை ‘வாட்டசாட்டமானது’ என்றும், அளவான நாயை ‘வற்றல்’ என்றும் சொல்வர். ஆதலின் கண்ணை நம்பாமல் கையை நம்ப வேண்டும். நாயின் விலாவில் இரு கைகளையும் வைத்து மெதுவாகத் தடவுக. பிறகு தமது கையையே அளவுகோலாகக் கொள்க. கையை இறுக மூடி முட்டியின் மேட்டைத் தொட்டால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ அப்படி விலா தட்டுப்பட்டால் நாய் மெலிந்திருக்கிறது. விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவும்போது எலும்பு தெரிவதுபோல் தெரிந்தால் அளவான தேகம். உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்றிருந்து, அழுத்தினால்தான் விலா அகப்படுமாயின் அது பருமனே. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னே இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் வயிறு பின்கால்களை நோக்கி மேலேறியிருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாமல் உருளைபோல் இருப்பதும், வாலடியில் கொழுப்புத் திண்டு இருப்பதும் சந்தேகத்துக்கு இடமில்லாத அடையாளங்கள்.

வைத்தியர்கள் இதனை ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள படிகளாக வகுத்திருக்கிறார்கள். நான்கும் ஐந்தும் சரியான தேகம். அதற்கு மேல் ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய நூற்றுக்குப் பத்துப் பங்கு எடை மிகுதி என்று கொள்ளலாம். எட்டாம் படியில் உள்ள 36 கிலோ நாய்க்கு உரிய எடை சுமார் 28 கிலோ என்று கணக்காகும்.

இனத்தையும் கவனிக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி முதலிய நமது வேட்டை நாய்களுக்குக் கடைசி இரண்டு மூன்று விலாக்கள் வெளியே தெரிவதே இயல்பு. இவற்றை வாங்கி வந்து, பட்டினி கிடக்கிறது என்று எண்ணிச் சதை போட வைப்போர் உண்டு. அவ்வாறு செய்தல் கூடாது. ராஜபாளையம் நாயும் நீண்ட கால்களும் ஒடுங்கிய இடையும் உடையதே. 2005ஆம் ஆண்டு இந்தியத் தபால் இலாகா வெளியிட்ட நாய்த் தலைகளில் அதுவும் இடம்பெற்றது. இதற்கு மாறாக, இக்காலத்தில் நிலக்காரர் இல்லங்களில் மிகுந்துவரும் லாப்ரடார் எளிதில் பருக்கும் ஜாதி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்தோர் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, பசி அடங்குவதை மூளைக்கு அறிவிக்கும் ஒரு மரபணுவில் குறை இருப்பதாகக் கண்டனர். அத்தகைய நாய் எவ்வளவு தின்றாலும் பசித்ததுபோலவே பார்க்கும். அந்தப் பார்வையைக் கண்டு மனமிளகுவதே எஜமானர் செய்யும் பிழை.

அளவாக உண்பதால் ஆயுள் கூடுமா என்று கேட்போருக்கும் விடை உண்டு. அமெரிக்காவில் புரினா என்னும் நாய்த் தீனி நிறுவனம் 48 லாப்ரடார் குட்டிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகத் தீனி கொடுத்து, அவற்றின் ஆயுள் முழுவதும் கவனித்து வந்தது. முடிவு 2002ஆம் ஆண்டு வெளியாயிற்று. நிறையத் தின்ற நாய்களின் நடுத்தர ஆயுள் 11.2 வருஷம், குறைவாகத் தின்றவற்றுக்கு 13 வருஷம். மூட்டு வாதமும் அவற்றுக்குத் தாமதித்தே வந்தது. தீனி விற்பவரே குறைத்துப் போடுவது நல்லது என்று கண்டு சொன்னது வேடிக்கையே. ஆதலின் அதனை நம்பலாம்.

முதலில் வைத்தியரிடம்

ஆகாரத்தில் கை வைப்பதற்கு முன் நாயை அருகிலுள்ள அரசாங்கக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இதைச் சம்பிரதாயமாகச் சொல்லவில்லை. வயிறு பெருத்த நாய் எல்லாம் கொழுத்த நாய் அன்று. இருதயமோ ஈரலோ கெட்டால் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். அப்பொழுது வயிறு பானைபோல் தொங்கும். ஆனால் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டிருக்கும். அந்த நாய் உண்மையில் மெலிந்துவருகிறது. அதற்குச் சோற்றைக் குறைப்பது அதனைக் கொல்வதற்குச் சமானம். கருத்தடை செய்யாத பெட்டை நாய் பருவம் கழிந்து சில வாரங்களில் வயிறு உப்பி, மிகுதியாகத் தண்ணீர் குடித்து, சோர்ந்து கிடந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். இதற்கு அன்றைக்கே சிகிச்சை வேண்டும். தைராய்டுச் சுரப்பி மந்தித்தால் சொற்ப ஆகாரத்திலும் நாய் பருக்கும்; வால் ரோமம் உதிர்ந்து எலிவால் போலாகும்; குளிர் தாங்காது; எந்நேரமும் தூங்கும். அட்ரினல் சுரப்பியின் கோளாறில் தாகமும் பசியும் மிகுந்து, வயிறு தொங்கி, தோல் மெலியும். இவற்றுக்கு இரத்தப் பரிசோதனையும் மருந்தும் உண்டு. ஆகாரக் கட்டுப்பாடு மட்டும் போதாது. நீரிழிவுக்காக இன்சுலின் ஊசி பெறும் நாய்க்குத் தீனியைக் குறைப்பதாயின் மருந்தின் அளவும் மாற வேண்டுமாதலால், வைத்தியர் சொல்லாமல் ஒரு கவளமும் குறைக்கலாகாது.

மருந்தகத்தில் தீராதவற்றுக்கு 1985இல் ஏற்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 2012இல் ஏற்பட்ட ஒரத்தநாட்டுக் கல்லூரியும் நமது ஜில்லாக்களிலிருந்து எட்டிப் போகக்கூடிய தூரத்தில் உள்ளன. முன்போல் எதற்கும் சென்னை வேப்பேரிக்குப் போக வேண்டிய அவசியமில்லை.

நொண்டும் நாய்க்கு வீட்டிலுள்ள மனிதர் வலி மாத்திரையைக் கொடுக்கும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் முதலியவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அரை மாத்திரைதானே என்று கொடுத்தலும் கூடாது.

ஆகாரக் கணக்கு

உரத்துக்குக் கணக்கிடும் நாம் நாயின் சோற்றுக்கும் கணக்கிடலாம். நாய் சேர வேண்டிய எடையைக் கிலோவில் எடுத்து 30ஆல் பெருக்கி 70ஐக் கூட்டினால், அது சும்மா படுத்திருக்கும்போது ஒரு நாளைக்குச் செலவாகும் கலோரி ஏறக்குறையக் கிடைக்கும். 28 கிலோவுக்கு இது 910 ஆகும். மெலிய வேண்டிய நாய்க்குப் பெரும்பாலும் இந்த அளவே தினப்படியாக வைத்தியர்களால் நிர்ணயிக்கப்படுகிறது. நாய்க்கு நாய் இது சற்று ஏறும், இறங்கும்.

உடையார்பாளையம் தாலூகாவில் ஓர் இல்லத்தில், 36 கிலோ எடையுள்ள பத்து வயது நாய்க்கு ஒரு நாளில் போடப்படுவதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதச் சொன்னோம். வீட்டுக்காரர் “இரண்டு வேளைச் சோறுதான்” என்றார். எழுதிப் பார்த்தபோது வந்தது இது: பால் 400 மில்லி, ஏறக்குறைய 260 கலோரி, வேகவைத்த சோறு 700 கிராம், 910, தயிர் 200 கிராம், 120, சோற்றில் ஒரு சிறு கரண்டி நெய், 45, பேரப் பிள்ளைகளின் பிஸ்கோத்துப் பத்து, 200. ஆக 1,535. சோறு ஒன்றே நாளைய தேவை முழுவதையும் தீர்த்துவிட்டது. பாலும் பிஸ்கோத்தும் யாருடைய கணக்கிலும் இல்லை. அந்த வீட்டில் யாரும் நாய்க்கு அதிகமாகப் போடவில்லை. ஐந்து பேர் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார்கள்.

ஆகவே செய்ய வேண்டிய முதற் காரியம், காலையில் ஒரு பாத்திரத்தில் அன்றைய ஆகாரம் முழுவதையும் அளந்து எடுத்து வைப்பது. பாட்டியோ, குழந்தையோ, காவலாளோ, யார் போட்டாலும் அந்தப் பாத்திரத்திலிருந்தே எடுத்துப் போட வேண்டும். பாத்திரம் காலியானால் அன்றைக்கு முடிந்தது. கொடுக்கும் இன்பம் ஒருவருக்கும் போகாது, அளவும் மீறாது. இந்த ஓர் ஏற்பாடு மற்ற எல்லா யோசனைகளையும்விடப் பயன் தருகிறதென்பது எமது அபிப்பிராயம்.

பாத்திரத்தில் என்ன இருக்க வேண்டுமென்பது அடுத்த கேள்வி. சோற்றை மட்டும் பாதியாக்கி விட்டுவிடுவது போதாது. சோற்றில் புரதம் குறைவாதலால் நாய் தசையை இழக்கும். மாவுப் பண்டமும் கொழுப்பும் குறைய வேண்டும், புரதம் குறையலாகாது, வயிறு நிறைய வேண்டும். மேற்சொன்ன நாய்க்கு வைத்தியரின் சம்மதத்துடன் வகுக்கப்பட்டது யாதெனில்: வேகவைத்த சோறு 250 கிராம், தோல் நீக்கி எண்ணெயும் உப்பும் மசாலையும் இன்றி வேகவைத்த கோழிக்கறி, எலும்பில்லாமல் 200 கிராம், அவித்த முட்டை ஒன்று, பூசணி, சுரைக்காய், பீன்ஸ் இவற்றில் ஏதேனும் வேகவைத்தது 250 கிராம், தயிர் 100 கிராம். இவை 845 கலோரி அளவில் நிற்கும். மீதி 65ஐக் குழந்தைகளுக்கென்று விட்டோம். காரட் துண்டோ வெள்ளரித் துண்டோ பகலெல்லாம் கொடுக்கலாம். எவ்வாறாயினும் தின்பண்டம் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கை மீறக்கூடாது. ஒரு மேசைக் கரண்டி நெய்யில் 120 கலோரிக்கு மேல் உண்டென்பதை நினைவில் வைத்தால், ‘சோற்றில் வாசனைக்குக் கொஞ்சம்’ என்பது எவ்வளவு என்று விளங்கும்.

ஆறு மாதம் இவ்வாறு வீட்டு ஆகாரத்திலேயே வைத்திருக்கும் நாய்க்குச் சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்துகளும் குறையும். நாய்க்கென்று உள்ள தாதுக் கலவையை வைத்தியரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டும். மாட்டுக்கு வாங்கிய தாது உப்பில் ஒரு பிடி போடுவது சரியன்று. அளவும் விகிதமும் வேறு. சிறுநீரகம் கெட்ட முதிய நாய்க்குப் புரதத்தைக் கூட்டுவதும் அபாயமாகலாம். இதனாலேயே முதலில் பரிசோதனை வேண்டுமென்றோம். முட்டையும் மாமிசமும் சேராத இல்லங்களில் பருப்பு, தயிர் ஆகியவற்றால் மட்டும் முதிய நாய்க்குச் சமநிலையான ஆகாரம் அமைப்பது கடினம். அங்கு எடை குறைப்புக்கென்று தயாரித்த பொதித் தீனியே மேல். அதன் மேல் அச்சிட்டுள்ள கலோரியைப் பார்த்துத் தராசில் நிறுத்துப் போட வேண்டும். டம்ளரால் அளப்பது நாளுக்கு நாள் வேறுபடும்.

பழைய ஆகாரத்திலிருந்து புதியதற்கு ஒரே நாளில் மாறலாகாது. இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக மாற்றினால் பேதியும் வராது. நாயும் இராப் பூராவும் ஊளையிடாது. ஒரு நாள் ஆகாரத்தை இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பதால் பசி தணிந்திருக்கும். தண்ணீர் எப்பொழுதும் இருக்க வேண்டும். அதில் கட்டுப்பாடே கிடையாது.

எவ்வளவு வேகத்தில் குறைவது பத்திரமானது என்றால், வாரத்துக்குத் தேக எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை. முதிய நாய்க்கு ஒன்றை ஒட்டியே நிற்பது உத்தமம். 36 கிலோ நாய் வாரத்துக்கு 360 கிராம் குறைந்தால் திருப்தியடையலாம்; 720 கிராமுக்கு மேல் குறைந்தால் ஆகாரத்தைச் சற்றுக் கூட்ட வேண்டும். எட்டுக் கிலோ குறைவதற்கு ஐந்தாறு மாதம் பிடிக்கும். ஐப்பசி மழையில் தொடங்கினால் சித்திரை வெயிலுக்குள் பெரும்பகுதி முடியுமாதலால், கார்காலமே நமது பக்கத்தில் இதற்கு ஏற்ற பருவம்.

எடை பார்க்கும் தராசு இல்லையே என்பார் உண்டு. செட்டிகுளம் பக்கம் வெங்காய மூட்டை நிறுக்கும் மேடைத் தராசும், பருத்தி நிறுக்கும் தராசும் போதும். நாய் தராசில் நிற்க அஞ்சினால், எஜமானர் அதனைத் தூக்கிக்கொண்டு நின்று, பிறகு தாம் மட்டும் நின்று, கழித்துக்கொள்க. தூக்க முடியாத நாயைப் பலகையில் உட்காரவைத்து நிறுத்துப் பலகையின் எடையைக் கழிக்கலாம். இரண்டு வாரத்துக்கொரு முறை, ஒரே தராசில், காலையில் தீனிக்கு முன் பார்த்துத் தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னே மார்பைச் சுற்றி ஒரு நூலைப் பிடித்து முடிச்சிட்டு வைத்தால், மாதந்தோறும் முடிச்சு நெருங்குவதைக் கண்ணால் காணலாம். கிராம உத்தியோகஸ்தர்களுக்குப் பதிவேடு வைப்பதைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று வாரமாகியும் எடை அசையவில்லையாயின், யார் வீட்டுத் திண்ணையில் நாய்க்கு மதிய விருந்து நடக்கிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும். கலியாண மண்டபத்து எச்சில் இலையும், கோழிக்கடைக் கழிவும் நமது ஊர்களில் பல நாய்களின் மறைமுக வருமானம். அங்கெல்லாம் திரியாமல் இருக்கக் கம்பி வேலியிட்ட முற்றம் நல்லது. நாள் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பது பருமனை வளர்க்கவே செய்யும்.

நமது விளைபொருள்களில் ஆகாதவை

இந்த விஷயம் நமது ஜில்லாக்களுக்கே சிறப்பாக உரியது. பெரம்பலூர்ச் சின்ன வெங்காயம் நமக்குப் பெருமை, நாய்க்கு விஷம். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்க்கைகள் நாயின் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கின்றன. நாயின் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு வெங்காயத்தை ஒரே தடவையில் தின்றாலும் தீங்கு உண்டாகும். 30 கிலோ நாய்க்கு இது 150 கிராம். ஒரு வெங்காயக் குழம்பில் இதற்கு மேல் இருக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் உலர்த்தினாலும் விஷம் நீங்குவதில்லை. கொஞ்சங் கொஞ்சமாகத் தினந்தோறும் தின்பதும் சேர்ந்து கெடுக்கும். தின்ற அன்றே ஒன்றும் தெரியாது. சில நாட்களுக்குப் பின் ஈறு வெளுத்து, நாய் தளர்ந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். உடனே மருந்தகம் செல்ல வேண்டும். எடை குறைக்கும் காலத்தில் இதனை இன்னும் கவனிக்கக் காரணமுண்டு. பசித்த நாய் பட்டறையிலிருந்து உருளும் வெங்காயத்தையும் கடித்துப் பார்க்கும். ‘சோறு வேண்டாம், குழம்புக் காய் மட்டும் போடுகிறேன்’ என்று நல்லெண்ணத்தில் போடுவோரும் உண்டு. குழம்புக் காய் கூடாது. தனியே வேகவைத்த காயே ஆகும்.

அடுத்தது மக்காச்சோளம். மணிகளால் தொல்லை இல்லை, தக்கையே ஆபத்து. மணி உதிர்த்த தக்கையைக் கடித்து விழுங்கும் நாய்க்கு அது ஜீரணமாகாமல் குடலில் சிக்கி அடைத்துக்கொள்ளும். ஓயாத வாந்தி, தீனியை வெறுத்தல், மலம் வராமை இவை கண்டால் தாமதிக்கலாகாது. பல சமயம் அறுவைச் சிகிச்சையே வேண்டியிருக்கும். களத்தில் தக்கை குவியும் மாதங்களில் பசியுள்ள நாயை அங்கே விடாதிருத்தல் நலம்.

முந்திரிப் பருப்பும் வேர்க்கடலையும் கொழுப்பு மிகுந்தவை. ஒரு பிடி பருப்பு நாயின் ஒரு வேளைக் கணக்கைத் தீர்த்துவிடும். கொழுப்பு நிறைந்த தீனியை ஒரே தடவையில் மிகுதியாகத் தின்பதால் கணையம் வீங்கி உயிருக்கு ஆபத்தாவதும் உண்டு. தீபாவளி, பொங்கலுக்கு மறுநாள் வாந்தியெடுத்து முதுகை வளைத்து நிற்கும் பருத்த நாய்கள் பெரும்பாலும் இவ்வினத்தவை. முந்திரிக் கொட்டையின் தோட்டிலுள்ள எண்ணெய் வாயைப் புண்ணாக்கும். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். எலும்பு போட்டால்தான் நாய் என்பது பழைய பழக்கமேயன்றி வேறில்லை.

நடையும் வெயிலும்

ஆகாரமே பிரதானம், நடை துணை. பருத்த முதிய நாயை ஓட விடலாகாது. அதன் மூட்டு ஏற்கெனவே சுமக்க முடியாததைச் சுமக்கிறது. முதல் இரண்டு வாரம் காலையும் மாலையும் பத்து நிமிஷம் மெல்ல நடத்தி, மறுநாள் நொண்டாமலிருந்தால் வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிஷம் கூட்டலாம். தார்ச் சாலையைவிட ஏரிக்கரை மண்ணும் வண்டிப்பாதையும் மேல். மழைக்குப் பின் ஒட்டும் கரிசல் சேற்றில் நடத்தினால் கால் வாங்கமுடியாமல் மூட்டு பிறழும். ஏரியில் சரிவான, உறுதியான ஓரம் இருந்தால் வயிறு நனையும் ஆழத்தில் நடக்கவிடுவது மிகவும் நல்லது. நீர் எடையைத் தாங்கிக்கொள்ள, தசை மட்டும் வேலை செய்யும். வீட்டில் வழுக்கும் தரைக்குக் கோணிச்சாக்கு விரித்தாலே சில நாய்கள் தாமாக எழுந்து நடக்கத் தொடங்குகின்றன. மருந்து தெளித்த பருத்திக் கொல்லை வழியே அழைத்துப் போகலாகாதென்பதைச் சொல்லாமலே உணர்வீர்கள்.

நாய்க்கு நம்மைப்போல் தேகமெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கை நீட்டி இரைத்தே அது உஷ்ணத்தை வெளியேற்றுகிறது. கொழுப்புப் போர்வை போர்த்த நாய்க்கு அது முடிவதில்லை. பங்குனி, சித்திரை, வைகாசியில் நமது ஜில்லாக்களில் வெயில் 40 டிகிரி சென்டிகிரேடைத் தொடும் நாட்களில், சூரியோதயத்துக்கு முன்னும், இருட்டிய பின் தரை ஆறியதுமே நடத்தலாம். புறங்கையைத் தரையில் சில வினாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் வைக்க முடியாது. நாய் அடங்காமல் இரைத்து, ஈறு செந்நிறமாகி, தள்ளாடினால் உடனே நிழலில் கிடத்தி, தேகமெங்கும் சாதாரணக் குளிர்நீரை ஊற்றி விசிறிக்கொண்டே மருந்தகம் கொண்டுசெல்ல வேண்டும். இந்த விபத்தில் வைத்தியர் வரும்வரை காத்திருந்து பயனில்லை.

கருத்தடை செய்த நாய் எளிதில் பருக்கும் என்று சொல்லி அதனைத் தவிர்ப்போர் உண்டு. கருத்தடைக்குப் பின் ஆகாரத் தேவை குறைகிறது என்பது உண்மையே. அதற்கேற்ப அன்று முதலே சோற்றைக் குறைத்தால் போதும். சீழ் பிடித்த கருப்பையைக் காட்டிலும் குறைந்த சோறு மேலானது.

மேலே சொன்ன உடையார்பாளையத்து நாய் முதல் மாதம் ஒன்றரைக் கிலோ குறைந்தது; இரண்டாம் மாதம் அரைக் கிலோதான். விசாரித்ததில், வீட்டுப் பாட்டி பாத்திரத்தைத் தொடாமல் தம் தட்டிலிருந்தே இட்லி கொடுத்துவந்தது தெரிந்தது. அவரைக் குறை சொல்லாமல், காலையில் பாத்திரத்தை நிறுத்து நிரப்பும் பொறுப்பையே அவரிடம் ஒப்படைத்தார்கள். அதன்பின் கணக்குப் பிசகவில்லை. ஆறாம் மாத இறுதியில் நாய் 29 கிலோவில் நின்றது. திண்ணைப் படியை ஏறாமல் தெருவிலேயே படுத்துக்கொண்டிருந்தது, இப்பொழுது தானே ஏறி வருகிறது; இரவில் கொட்டில் வரை ஒரு சுற்று போய்வருகிறது. பழைய வேட்டை அதற்கு வராது. பத்து வயதுக்கு அது வேண்டியதுமில்லை.

குறித்த எடையை அடைந்ததும் பழைய சோற்றுக்குத் திரும்பினால் மூன்றே மாதத்தில் பழைய தேகமும் திரும்பும். தினப்படியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டி இரண்டு வாரம் எடையைப் பார்க்க வேண்டும். இன்னும் குறைந்துகொண்டே போனால் மறுபடி அவ்வளவு கூட்டலாம். நின்றுவிட்டால் அதுவே அந்த நாயின் நிரந்தர அளவு. பிறகு மாதம் ஒரு முறை தராசும், வருஷத்துக்கு இரு முறை வைத்தியரும் போதும். வெறிநாய்க்கடி தடுப்பு ஊசி போடக் கொண்டுபோகும் நாளிலேயே எடையையும் பார்த்துக் குறித்துவரச் சொன்னால் தனியாக ஒரு பயணமும் மிச்சமாகும்.